ஒரு பக்கம், ஒரு நிமிடம்

யார் வந்து எந்தச் சங்கதியை ஆரம்பித்தாலும் டைப்பக்கா முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

"யாருக்கு என்ன வேணும்? அதைச் சொல்லு முதல்ல."

தங்கை போன் செய்து, மாமியார் அப்படிச் சொன்னாள், நாத்தனார் இப்படிப் பார்த்தாள், நடுவில் குக்கர் மூடியைக் காணோம் என்று நாலு முனையிலும் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பாள். டைப்பக்கா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்ப்பாள்.

"அடியே, நில்லு. உனக்கு என்ன வேணும்? குக்கர் மூடியா, மரியாதையா?"

தங்கை யோசித்துவிட்டு, "மூடிதான்" என்பாள்.

"அப்ப நாத்தனாரை எடுத்துடு. அவ இந்தக் கதையிலயே இல்ல."

தங்கைக்குக் கோபம் வரும். நாத்தனாரை எடுத்துவிட்டால் பிறகு பேச என்ன இருக்கிறது?

இருபத்தாறு வருஷமாகச் சினிமா ஸ்கிரிப்ட் அடித்துக் கொடுக்கிற கை. மோட்டார் வைண்டிங் கடைக்கு மேலே, இரும்புப் படியேறிப் போனால் ஒரு அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், மூன்று நாற்காலி. அதில் ஒன்றின் கால் ஆடும். அது புது ஆட்களுக்கு. கீழே கம்பி சுற்றுகிற மெஷினின் உறுமல் நாள் முழுக்கத் தரை வழியாக ஏறி வந்து உள்ளங்காலில் கூசும். எழுத்தாளர்கள் கைப்பட எழுதிய தாள்களோடு வருவார்கள். சிலர் வாயாலேயே சொல்வார்கள். சொல்லும்போது அழுகிறவர்களும் உண்டு. அக்கா அழமாட்டாள். "இங்க கமா வைக்கவா, முற்றுப்புள்ளியா?" என்று கேட்பாள்.

நானூறு கதைக்கு மேல் அவள் விரல் வழியாகப் போயிருக்கிறது. யாரும் அவளுக்குப் பாடம் நடத்தவில்லை. அடித்து அடித்து அவளுக்கே பிடிபட்டது. ஒருத்தனுக்கு ஏதோ வேண்டும். கிடைக்கவிடாமல் ஏதோ மறிக்கிறது. அவன் முட்டுகிறான், சறுக்குகிறான், இன்னும் பலமாக முட்டுகிறான். இனி திரும்பிப் போகவே முடியாது என்கிற இடத்துக்கு வந்து நிற்கிறான். கடைசியில் கிடைக்கிறது, அல்லது கிடைக்கவில்லை. ஆனால் ஆள் பழைய ஆளில்லை. மிச்சமெல்லாம் சட்டையின் நிறம்.

அவள் வீட்டுக்காரருக்கு மட்டும் இது ஏறவே ஏறாது. லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வீட்டுக்குள் காலை வைக்கும்போதே, "கடைசியில அந்தாளு கையில ஸ்க்ரூடிரைவரைக் குடுத்துட்டு வந்துட்டேன்" என்பார்.

"யாருங்க அந்தாளு?"

"அதான், ஏழாவது மாடி."

"அவருக்கு என்ன வேணும்?"

"வெளிய வரணும். வேற என்ன வேணும்?"

டைப்பக்காவுக்குத் தொழிலில் இருந்த பெயர் ஒரு விஷயத்தால் வந்தது. திரைக்கதையை அடிக்கிற முறை என்று ஒன்று இருக்கிறது. இன்ன அளவு எழுத்து, இன்ன இடைவெளி, வசனம் தாளின் நடுவில். அப்படி அடித்தால் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் ஓடும். தயாரிப்பாளர்கள் கதையைப் படிக்கிறார்களோ இல்லையோ, கடைசித் தாளைத் திருப்பி எண்ணைப் பார்ப்பார்கள். மற்ற இடங்களில் அடித்தால், "இது யாரு அடிச்சது? ரெண்டேகால் மணி நேரமா, ரெண்டரையா?" என்று சந்தேகம் வரும். டைப்பக்கா அடித்த தாள் என்றால் யாரும் கேட்பதில்லை. நகைக்கடையில் தராசைக் கேள்வி கேட்பார்களா? அந்த மாதிரி.

தராசில் சின்னதாக ஒரு கோளாறு நடந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால்.

ஒரு நாள் "ர"வும் "ா"வும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தன. அக்கா எழுத்தின் அளவைப் பன்னிரண்டிலிருந்து பதின்மூன்றாக்கினாள். ஒரு புள்ளிதானே. அடுத்த வருஷம் பதினாலு. போன மழைக்காலத்தில் பதினைந்து. புதுக் கதை வந்தால் போன கதையின் கோப்பைப் பிரதி எடுத்து, பிரதியின் உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டு, அதிலேயே அடிப்பது அவள் வழக்கம். அதனால் எழுத்து வளர்ந்த அளவில் அப்படியே நின்றுவிட்டது. தாளைப் பார்த்தவர்கள் எல்லாரும், "அக்கா, உங்க பக்கம் கண்ணுக்கு என்ன குளிர்ச்சி!" என்றார்கள். அவளும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

கண்ணாடி போட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். வீட்டுக்காரர் முப்பத்தெட்டு வயதில் கண்ணாடி மாட்டியபோது, "நாலு கண்ணு மெக்கானிக்" என்று பெயர் வைத்தவள் அவள்தான். பதினைந்து வருஷமாக அந்தப் பெயரை விடவில்லை. இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு மாட்டுவது?

இந்த நிலையில்தான் திருப்பம் வந்தான்.

திருப்பம் என்பது பட்டப்பெயர். பதினாலு வருஷம் உதவி இயக்குநர். அதற்குள் தலையில் பாதி முடி போயிற்று. யார் கதை சொன்னாலும் கையைத் தூக்கி, "இங்க ஒரு திருப்பம் வைக்கலாம்" என்பான். ஒட்டிக்கொண்டது. நாற்பத்தொரு வயதில் அவனுக்கு முதல் படம் கிடைத்திருந்தது. ஆடுகிற நாற்காலியில் அவன் உட்காருவதில்லை. அத்தனை காலமாக வந்துபோகிறவன்.

அவன் கதை இது. தண்ணீர் லாரி ஓட்டுகிற ஒருவன். மகளோடு ஆறு வருஷமாகப் பேச்சில்லை. வெள்ளிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். ஊரில் எல்லாருக்கும் பத்திரிகை வந்திருக்கிறது, அப்பனுக்கு வரவில்லை. "வாங்கப்பா" என்று ஒரு வார்த்தை அவள் சொன்னால் போதும் அவனுக்கு. வாய்விட்டுக் கேட்க மாட்டான், அத்தனை வீம்பு. அந்த வாரம் கல்யாண மண்டபத்துக்குத் தண்ணீர் இறக்குகிற வேலை மட்டும் அவனுக்கே வந்து சேர்கிறது.

"அக்கா, எப்படி?" என்றான் முதல் நாள்.

"லாரிக்காரனுக்கு என்ன வேணும்னு மூணாவது பக்கத்துலயே தெரிஞ்சிடுச்சு. நல்லா இருக்கு" என்றாள். அவள் வாயிலிருந்து இப்படி வருவது அபூர்வம். அன்று திருப்பம் இரும்புப் படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான். கீழே வைண்டிங் கடைக்காரர், "யோவ், விழுந்து தொலையாதே, மெஷின் மேல விழுந்துடுவே" என்றார்.

அடித்து முடித்தபோது நூற்று நாற்பத்தெட்டுப் பக்கம்.

தயாரிப்பாளர் கதையைத் தொடவில்லை. கடைசித் தாளைத்தான் பார்த்தார். "நூத்தி இருபது. அதுக்கு மேல ஒரு தாள் இருந்தாலும் நீயே வச்சுக்க. திங்கட்கிழமை நாலு மணிக்கு வா."

திருப்பம் வெட்ட ஆரம்பித்தான். மூன்று நாள். சிவப்புப் பேனாவோடு வந்து, தாளில் கோடு போட்டுத் தருவான். அக்கா அழிப்பாள். முதல் ஏழு பக்கம் வலிக்காமல் போயிற்று. அதற்குப் பிறகு போனதெல்லாம் நடுவில் இருந்தவை. லாரியின் பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, மகள் கூப்பிட்டால் என்ன முகத்தோடு திரும்பவேண்டும் என்று அவன் பழகிப் பார்க்கிற காட்சி. மச்சான் வாசலிலேயே, "தண்ணியை இறக்கிட்டுக் கிளம்புங்க" என்கிற காட்சி. டயர் பஞ்சராகி நடுரோட்டில் நிற்கிற காட்சி. மூன்றாம் நாள் சாயங்காலம் நூற்று இருபத்தொன்றுக்கு வந்தது. அந்த ஒன்றை அவன் மண்டபச் சமையற்காரரின் இருமலை எடுத்துவிட்டுச் சரிக்கட்டலாம் என்றிருந்தான்.

கோடு போட்டதையெல்லாம் அக்கா அழித்துக் கொடுத்தாள். ஆனால் அடித்தவளுக்குத் தெரியாதா? இப்போது லாரிக்காரன் முதல் பாதியில் வீம்பாக இருந்தான். திடீரென்று கடைசியில் அழுதான். மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். எதற்கு அழுகிறான், எதற்குக் கட்டிக்கொள்கிறாள் என்று கேட்டால் பதில் வெட்டின தாள்களில் கிடந்தது.

சனிக்கிழமை மத்தியானம், வெட்டிய கதையை வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம் என்றான் திருப்பம். போனில் நேரத்தை ஓடவிட்டு மேஜையில் வைத்தான். லாரிக்காரன் வசனம் அவனுக்கு. மகள், மச்சான், சமையற்காரர், போலீஸ் எல்லாம் டைப்பக்கா. வசனமில்லாத இடங்களில் கண்ணை மூடி, கையால் லாரியை ஓட்டி, அவன் காட்சியை நடித்தே காட்டினான். அக்கா தாளைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு படித்தாள்.

முடிந்ததும் போனைப் பார்த்தான். தொண்ணூற்றேழு நிமிடம்.

"என்னக்கா இது?"

"என்ன?"

"நூத்தி இருபத்தொரு பக்கம். தொண்ணூத்தேழு நிமிஷம்தான் வருது. ஒண்ணரை மணி நேரத்துக்கு ஏழு நிமிஷம் கூட. இதை எவன் தியேட்டர்ல போடுவான்?"

"வேகமாப் படிச்சிட்டோமோ என்னவோ."

"நிதானமாத்தான் படிச்சோம். சமையற்காரருக்கு நீங்க இருமக்கூட செஞ்சீங்க." அவன் எழுந்து அறைக்குள் நாலு எட்டு நடந்தான். நாலு எட்டுக்கு மேல் அந்த அறையில் இடமில்லை. "பக்கம் பொய் சொல்லாது. அதுவும் உங்க பக்கம். அப்ப என் எழுத்துலதான் கோளாறு. காத்து மாதிரி எழுதி வச்சிருக்கேன், தாள்ல இருக்கு, ஸ்கிரீன்ல நிக்க மாட்டேங்குது." கொஞ்சம் நின்றான். கை மேலே போயிற்று. "இங்க ஒரு திருப்பம் வைக்கலாம். லாரி கிளீனருக்கு ஒரு காதல். மண்டபத்துல பூக் கட்டுற பொண்ணு. இருபது நிமிஷம் சிரிப்பு. பக்கத்துல அடங்குற மாதிரி துண்டு துண்டா எழுதிடறேன்."

"கிளீனரா? கதையில கிளீனரே இல்லையே."

"நாளைக்கு இருப்பான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். இந்தத் தடவை ஒவ்வொரு படியாக.

காரணம் அக்காவுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் தெரிந்ததைக் கண்ணால் பார்க்கவேண்டியிருந்தது. வெட்டாத பழைய பிரதியைத் திறந்தாள். எல்லா எழுத்தையும் சேர்த்துப் பிடித்தாள். அளவைப் பன்னிரண்டாக்கினாள். கதை தண்ணீர் வற்றுகிற மாதிரி தாள்தாளாக மேலே ஏறிச் சுருங்கியது. திரையின் கீழ் மூலையில் இருந்த எண் ஓடி ஓடி நின்றது. கண்ணைச் சுருக்கி, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

நூற்றுப் பதினெட்டு.

அவன் ஒரு வரிகூட வெட்டியிருக்க வேண்டாம்.

சாயங்காலம் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிக்கொண்டே ஏதோ ஒரு முடிவிலிருந்து ஆரம்பித்தார். அக்கா குறுக்கே புகுந்தாள்.

"ஒரு கதை அடிச்சேன் இன்னைக்கு. அதுல ஒரு பொம்பள. தையல் கடை. அளவு நாடா நீண்டுபோச்சுன்னு அவளுக்கே தெரியாது. மூணு வருஷமா எல்லாருக்கும் தப்பா அளந்திருக்கா. இப்ப தெரிஞ்சுபோச்சு. சொன்னா அவ பேரு போயிடும், கடைக்கு ஒரு ஆள் வராது. சொல்லாட்டி ஒருத்தன் கல்யாணச் சட்டை கெட்டுப்போகும். அவ என்ன செய்யணும்?"

"படத்துல என்ன செய்றா?"

"இன்னும் எழுதலை."

அவர் யோசித்தார். "லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா, முதல்ல ரிப்பேர்ல கையை வைக்கக் கூடாது. கதவைத் தட்டி, 'நான் வந்துட்டேன்'னு சொல்லணும். உள்ள இருக்கறவன் தன்னாலதான் லிஃப்ட் நின்னுச்சோன்னு பயந்துட்டு இருப்பான். பட்டனைத் தப்பா அழுத்திட்டோமோன்னு. அந்தப் பயத்தை எடுத்துடணும். மிச்சம் வேலைதானே, பாத்துக்கலாம்."

"உம்."

"ஏம்மா, நாடா நீண்டது அவ கண்ணுக்குத் தெரியலையா?"

"கண்ணுதான் பிரச்சினை."

"அப்ப ஒரு கண்ணாடி போட்டுக்கச் சொல்லு அந்தப் பொம்பளைய" என்று சொல்லிவிட்டு, குளிக்கப் போனார். போகிற போக்கில் ஒரு சிரிப்பு இருந்த மாதிரி அவளுக்குப் பட்டது. கேட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கீழ்க்கடை லீவு. தரை உறுமாத அறையில் பேசுவது, யாரோ உற்றுக் கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. திருப்பம் கிளீனரின் காதலை நாலு காட்சி எழுதிக்கொண்டு வந்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"உக்காரு தம்பி" என்றாள். 'தம்பி' என்று சொன்னால் ஏதோ விபரீதம் என்று அவனுக்குத் தெரியும். சாதாரணமாக அவன் 'சார்'. யோசிக்காமல் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"உன் எழுத்துல கோளாறு இல்ல. என் எழுத்துலதான். அளவு பெருசு. கண்ணு தெரியலைன்னு கூட்டிக்கூட்டி வச்சுட்டேன். உன் கதை நூத்தி நாப்பத்தெட்டு இல்ல, நூத்திப் பதினெட்டு."

அவன் புரியாமல் பார்த்தான். பிறகு புரிந்து பார்த்தான். இரண்டாவது பார்வையைத் தாங்குவது கஷ்டமாக இருந்தது.

"மூணு நாளாக்கா" என்றான். "மூணு நாளா என் கதையோட கையையும் காலையும் நானே வெட்டிட்டு இருந்தேன். நீங்க பக்கத்துல உக்காந்து அழிச்சிட்டு இருந்தீங்க."

"எனக்கு நேத்துதான் தெரியும்."

"கண்ணு தெரியலைன்னு மூணு வருஷமா தெரியும்ல?"

அவன் எழுந்து வெளியே போனான். படியிறங்கும் சத்தத்துக்குக் காது கொடுத்தாள். சத்தம் வரவில்லை. முதல் படியிலேயே உட்கார்ந்திருந்தான். ஒரு பத்து நிமிடம். திரும்பி வந்தபோது கையிலிருந்த கிளீனர் காதல் நான்காகக் கிழிந்திருந்தது.

"நல்லவேளை, இதுல இருந்து காப்பாத்தினீங்க. கேவலமா இருந்துச்சு" என்றான். "பழசு இருக்கா, அழிச்சிட்டீங்களா?"

"நான் எதையும் அழிக்கறவ இல்ல."

நூற்றுப் பதினெட்டையும் அப்படியே கொடுத்துவிடலாம்தான். ஆனால் ஒருமுறை வெட்டிப் பார்த்த கண் சும்மா இருக்குமா? மண்டபத்தின் விளக்கு அலங்காரம் இரண்டு பக்கம் திரும்பி வரத் தேவையில்லை என்று அவனே சொன்னான். லாரிக் கண்ணாடிக் காட்சி வந்தே ஆகவேண்டும் என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். பஞ்சரில்தான் சண்டை.

"அது வேண்டாம்" என்றாள் அக்கா. "டயர் வெடிக்கறது தலையெழுத்து. அவனை மறிக்கறது அவன் வீம்பு. வெளியில இருந்து ஆணி வந்து மறிச்சா, வீம்புக்கு லீவு விட்ட மாதிரி."

"ஆணியைப் பாக்காதீங்க. யாரு பைக்கை நிறுத்தறான்? மாப்பிள்ளைப் பையன். மாமனார்னு தெரியாம, 'ஏதாச்சும் உதவி வேணுமா'ன்னு கேக்கறான். 'வேணும்'னு ஒரு வார்த்தை சொன்னா எல்லாம் சரியாயிடும். இவன் 'வேண்டாம் தம்பி'ங்கறான். அதுக்கப்புறம் ஸ்டெப்னியைத் தனியா உருட்டிட்டு வர்றான். வெய்யில். அதுலதான் உடையறான்."

அக்கா காட்சியை மறுபடி படித்தாள். இருபத்தாறு வருஷத்தில், அடித்தது தனக்குப் புரியாமல் போனது இதுதான் முதல் தடவை என்று சொல்லமாட்டாள். ஒத்துக்கொண்டதுதான் முதல் தடவை.

"இருக்கட்டும்" என்றாள். "ஆனா வெய்யில்னு மூணு இடத்துல எழுதியிருக்கே. ஒண்ணு போதும்."

திங்கட்கிழமை நாலு மணிக்கு நூற்றுப் பதினாறு பக்கம் தயாரிப்பாளரின் மேஜைக்குப் போயிற்று. அவர் கடைசித் தாளைப் பார்த்தார். பிறகு என்னவோ தோன்றி முதல் தாளையும் பார்த்தாராம். அங்கேயே உட்கார்ந்து முப்பது பக்கம் படித்துவிட்டு, "எழுத்து ஏன்யா இவ்வளவு பொடியா இருக்கு?" என்று மட்டும் கேட்டாராம். பத்து நாளில் படப்பிடிப்பு.

திருப்பம் போனில் இதைச் சொல்லிவிட்டுக் கடைசியாக, "அக்கா, அந்த விஷயம் நமக்குள்ள. நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்" என்றான்.

நல்ல மனது. அப்படியே விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இனி எழுத்து பன்னிரண்டில் இருக்கும். தராசு பழையபடி தராசு.

அக்கா ஒரு நாள் முழுக்க அதைச் சும்மா மனதில் போட்டுப் பார்த்தாள். அடுத்த நாள் காலையில் முக்குக் கடையில் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு, மூன்று வருஷக் கோப்புகளைத் திறந்தாள். முப்பத்தொரு கதை. ஒவ்வொன்றுக்கும் சரியான பக்கம் எத்தனை என்று ஒரு தாளில் எழுதினாள். போனை எடுத்தாள்.

முதல் ஆள் முழுசாகக் கேட்டுவிட்டு, "இனிமே உங்ககிட்ட வரமாட்டேன்" என்று வைத்துவிட்டார். அவருடைய கதையில் பதினெட்டுப் பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. அவர் சொன்னதில் தப்பில்லை. இரண்டாவது ஆள் தொலைக்காட்சித் தொடர்க்காரர். "எங்களுக்குப் பக்கமெல்லாம் ஏதுக்கா? விளம்பரம் எங்க விழுதோ அங்க கதை முடியும்" என்று சிரித்தார்.

மூன்றாவது ஆள் ஒரே ஒரு படம் எடுத்தவர். அது மூன்று நாள் ஓடியது. விஷயத்தைக் கேட்டதும் ஒவ்வொன்றாகக் கணக்குப் போட ஆரம்பித்தார்.

"அப்ப, படம் கம்மியா வருதுன்னு எடிட்டர் சொன்னது..."

"என்னாலதான்."

"அதுக்காக நான் கடைசி நேரத்துல அந்த நாய் டிராக்கைச் சேர்த்தது..."

"அதுவும் என்னாலதான், தம்பி."

"அய்யோ, அக்கா! ரெண்டு வருஷமா நான்தான் காரணம்னு நெனச்சுச் செத்துட்டு இருக்கேன். படம் ஊத்திக்கிட்டதுக்கு நீங்கதானா? ரொம்ப நன்றிக்கா. நீங்க நல்லா இருக்கணும்."

அக்கா புதுக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். அந்தக் கதை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் அதில் யாருக்கும் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால், இந்த மனிதன் இன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடுவான். ஆனால் சரியாக அளந்து சொல்வதற்கென்றுதானே போனையே எடுத்தாள்?

"நாய்க்கு மட்டும்தான் தம்பி நான் பொறுப்பு" என்றாள். "மிச்சத்துக்கு நீங்க."

அதைக் கேட்டு அவரிடமிருந்து வந்தது சிரிப்பா, இருமலா என்று, பட்டியலில் நாலாவது எண்ணை அழுத்தும்போதும் அவளுக்குப் பிடிபடவில்லை.